ஆயா ஏறிய தொங்கு பாலம்

"உங்களுக்கு எந்த ஊர் சார்?" என்று யாராவது கேட்டால், "தொப்பூர்" என்பேன். அடுத்த நொடியே கேட்டவர் முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை வந்துவிடும்.

"ஓ... அந்தக் கணவாய் ஊரா? பேப்பர்ல பார்த்தேன், மறுபடியும் ஒரு லாரி..." என்று ஆரம்பிப்பார்.

என்ன செய்வது? தர்மபுரியிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் லாரிகள் எங்கள் ஊருக்கு அப்படி ஒரு புகழைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டன. தொப்பூருக்கு என்று யாரும் வருவதில்லை. தொப்பூரைத் தாண்டித்தான் போவார்கள். அதுவும் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டு!

அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, 'குடும்பத்தோடு போக ஒரு சுலபமான இடம்' என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரிப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

விஷயம் இதுதான். அரையாண்டு விடுமுறை விட்டாயிற்று. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும், இரண்டாம் வகுப்பு படிக்கும் பையனும் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். என் சகதர்மிணி, "எங்கியாவது கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா நான் எங்கியாவது போயிடறேன்" என்று இறுதி எச்சரிக்கை கொடுத்துவிட்டாள்.

ஊட்டிக்குப் போகலாம் என்றான் பையன். நான் பி.காம். படித்தவன். மனசுக்குள்ளேயே பற்று வரவு போட்டுப் பார்த்தேன். பற்று மட்டும்தான் வந்தது.

இன்னொரு சிக்கல் அம்மா. வயது அறுபத்திரண்டு. முழங்கால் வலி. "உக்காந்தே இருந்தா இன்னும் இறுகிப் போயிடும், தினமும் கொஞ்சம் நடங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவோ டாக்டர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிடும் ரகம். மலை ஏறக் கூடாது, படி அதிகம் இருக்கக் கூடாது, வழியில் உட்கார இடம் வேண்டும், பிள்ளைகளுக்குப் போரடிக்கக் கூடாது, என் பர்ஸும் பிழைத்திருக்க வேண்டும். ஐந்து நிபந்தனைகளுக்கும் ஒத்துவந்த ஒரே வரன் ஒகேனக்கல்!

"ஒகேனக்கல்லா? அங்க பாக்காத என்ன இருக்குது? ஆடிப் பதினெட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கோம்" என்றாள் அம்மா.

"அக்கரைக்குப் போயிருக்கியாம்மா? தொங்கு பாலம் ஏறி, அந்தப் பக்கம் நின்னு அருவியைப் பார்த்திருக்கியா?"

அம்மா பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பேச்சை முடிக்கும்போதும், சிரிப்பு வரும்போதும் அம்மாவின் கை தானாகத் தலைப்புக்குப் போகும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

* * *

தொப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு பஸ். அங்கிருந்து ஒகேனக்கல்லுக்கு இன்னொரு பஸ். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். போகிற வழியில் அதியமான்கோட்டை வரும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பூமி சார் எங்களுடையது! அந்த நாளில் தகடூர் என்று பெயர். பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நெல்லிக்காயைத் தின்னுட்டு ஔவையார் தண்ணி குடிச்சிருப்பாங்கல்லப்பா? இனிக்குமே!" என்றான் பையன்.

"குடிச்சிருப்பா, குடிச்சிருப்பா. அதனாலதான் சிரிச்ச மாதிரி ஒரு படம்கூட இல்ல" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

பென்னாகரம் தாண்டியதும் காடு ஆரம்பம். பஸ் வளைந்து வளைந்து இறங்கும். கவனித்துக்கொள்ளுங்கள், இறங்கும்! ஊரெல்லாம் மேட்டில், ஆறு பள்ளத்தில். இந்த ஒரு சங்கதியில்தான் எங்கள் மாவட்டத்தின் பாதிக் கதை இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்பவர் குரங்கார். பையன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை, ரசீது எதுவும் கொடுக்காமல் வசூல் செய்துகொண்டு மரத்தில் ஏறிவிட்டார். அதற்கடுத்து மசாஜ்காரர்கள். "சார், எண்ணெய் மசாஜ்! மூலிகை எண்ணெய், உடம்பு வலியெல்லாம் பறந்துடும்." நான் ஒருமுறை பண்ணிக்கொண்டிருக்கிறேன். பறந்தது வலியில்லை, நான்! முதுகில் அவர் போடும் தாளத்தைக் கேட்டு அக்கம்பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அருவியில் போய் நின்றால் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்பதும் நிஜம்.

இந்தத் தடவை நடைதான் முக்கியம் என்று முடிவு செய்திருந்தோம். ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

* * *

நடை என்றதும் பயந்துவிடாதீர்கள். மலையேற்றமெல்லாம் கிடையாது. ஆற்றங்கரையை ஒட்டி, கைப்பிடிக் கம்பி போட்ட பாதை. ஒரு பக்கம் மரம், மறு பக்கம் பாறைகளுக்கு நடுவே காவிரி. நிதானமாக, நின்று நின்று, பையனை அதட்டி அதட்டிப் போனாலும் போக அரை மணி, வர அரை மணி. செருப்பு வழுக்காததாக இருந்தால் போதும். புதுச் செருப்பும் பட்டுப் புடவையுமாக வந்த ஒரு புதுமணத் தம்பதியைப் பார்த்தோம். அந்தப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளை இன்னும் அதைத் தன் கையில் வாங்கிக்கொள்ளக் கற்கவில்லை. ஒரு வருஷத்தில் பழகிவிடுவார்.

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் காலடி எடுத்து வைப்பது இந்தப் பக்கத்தில்தான். சற்று மேலே பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னதே, அது வந்ததா வரவில்லையா என்று அளந்து பார்ப்பது அங்கேதான். டெல்லியில் வக்கீல்கள் கோட்டைக் கழற்றி மாட்டி வாதாடியதெல்லாம் இதோ, நம் காலடியில் சலசலத்துக்கொண்டு போகிறது!

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' என்றால் நமக்கும் அவர்களுக்கும் கல்தான். தண்ணீர் பாறையில் விழுந்து சிதறி, புகை மாதிரி மேலே கிளம்புவதால் புகையும் கல். பெயரிலேயே இரண்டு மாநிலமும் சமாதானமாகக் குடியிருக்கிறது. கரைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் பரிசல். வட்டமாக மூங்கில் பின்னல். முன்பெல்லாம் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். பரிசல்காரர் ஒரே துடுப்பால் சுற்றிவிட்டால் நம் வயிற்றுக்குள் இருக்கும் இட்லியும் சுற்றும்.

"அப்பா, இந்தப் பாறைக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் மகள். நல்ல வேளை, இதற்கு எனக்கு விடை தெரியும். இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்று ஓர் அபூர்வப் பாறை வகை இருக்கிறது. அதற்குச் சுமார் 240 கோடி வருஷம் வயது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"ஆயாவை விடப் பெரிசா?" என்றான் பையன்.

"கொஞ்சம்" என்றேன்.

1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் கதாநாயகி துள்ளிக் குதித்துப் பாடுவாளே, அந்தப் பாட்டில் வரும் அருவிகூட இதுதான். அம்மாவுக்கு அந்தப் படம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அந்தப் பொண்ணு என்னமா சிரிக்கும்! பல்லு ஒவ்வொண்ணும் முத்து மாதிரி" என்றாள். எல்லோரும் பாட்டைச் சொல்வார்கள், அருவியைச் சொல்வார்கள். என் அம்மா சொன்னது பல்லை.

சரி, இனியும் மறைப்பானேன்? காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

* * *

அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். பதினைந்து, இருபது கிலோமீட்டரில் காவிரி. ஆனால் குடித்தது கிணற்றுத் தண்ணீர். பிறகு போர்த் தண்ணீர். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். தூசு தும்பு கிடையாது, நாற்றம் கிடையாது. உள்ளே இருந்தது ஃப்ளோரைடு.

எங்கள் பக்கத்துப் பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எத்தனையோ ஊர்களில் அந்த அளவைத் தாண்டித்தான் இருந்தது. பல் முளைத்துக்கொண்டிருக்கும் சின்ன வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுந்துவிடும். அது மேலே படிந்த அழுக்கு இல்லை. பல்லோடு பல்லாக உருவான கறை. வேப்பங்குச்சி, கரித்தூள், டி.வி.யில் விளம்பரம் செய்யும் பேஸ்ட் எதுவுமே அதை எடுக்காது. இன்னும் வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். குனிய முடியாது, நிமிர முடியாது.

அம்மாவின் முழங்கால் வலிக்கு வயதுதான் காரணமா, தண்ணீரும் ஒரு காரணமா என்று யாரும் எங்களுக்குத் தீர்த்துச் சொன்னதில்லை. பல்லுக்குக் காரணம் தண்ணீர்தான். கல்யாண போட்டோவில் ஆரம்பித்து, என் மகளின் காதுகுத்து போட்டோ வரைக்கும் அம்மா வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். போட்டோகிராபர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்பார். அம்மா இன்னும் இறுக்கமாக மூடுவாள்.

எனக்கும் அதே கறைதான். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். "ரொம்ப அடக்கமான பையன்" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். உண்மை தெரியவந்தபோது என் சகதர்மிணி சொன்னது: "பல்லுல கறை இருந்தாப் பரவால்லைங்க. வாயே திறக்காத மனுஷன்னு நம்பி வந்தேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல!"

சிரிக்கிற விஷயமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் காலேஜில் மூன்று வருஷம் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததற்கும், தெரிந்த விடையைக்கூட எழுந்து சொல்லாததற்கும் பாடம் காரணமில்லை.

ஆறு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை? முன்னேயே சொன்னேனே, ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில். தண்ணீர் தானாக மலையேறி வராது. ஏற்றிவிட மோட்டார் வேண்டும், குழாய் வேண்டும், சுத்திகரிக்க நிலையம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பஸ்கள் நின்றன. பேப்பரில் தினமும் அதே செய்தி. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,928 கோடி ரூபாய்க்கு மேல். இங்கே எடுத்த தண்ணீரைச் சுத்தம் செய்து, மேட்டுக்கு ஏற்றி, குழாய் வழியாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்புகிறார்கள்.

என் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். ஒகேனக்கல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். பால் பல் விழுந்து முதல் நிரந்தரப் பல் முளைத்த நாளில் அம்மா அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளை. மறுநாளும் பார்த்தாள். ஒரு மாதம் வரைக்கும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, நான் என்ன மாடா? தினமும் பல்லைப் புடிச்சுப் பாக்கறீங்க" என்று மகள் சண்டை போட்டதுதான் மிச்சம்.

* * *

தொங்கு பாலம் வந்தது.

இரும்புக் கயிற்றில் கட்டி, ஆற்றின் ஒரு கிளைக்கு மேலே தொங்கவிட்ட நடைப்பாலம். இதைத் தாண்டினால்தான் பெரிய அருவியை நேருக்கு நேர் பார்க்கும் இடத்துக்குப் போக முடியும். பாலம் ஆடும். ஆடுவதுதான் அதன் வேலை.

அம்மா நின்றுவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கியே உக்காந்திருக்கேன்."

"ஏன் அத்தை, இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றாள் என் மனைவி.

"அக்கரையில எனக்கு என்ன இருக்குது? கால் வேற இழுக்குது."

நான் என் பொது அறிவை எடுத்துவிட்டேன். லண்டனில் தேம்ஸ் நதி மேல் 2000 ஜூன் 10-ம் தேதி புத்தம்புது நடைப்பாலம் ஒன்றைத் திறந்தார்கள். கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. பாலம் லேசாகப் பக்கவாட்டில் ஆட, விழாமலிருக்க ஜனங்கள் அந்த ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி காலை வைக்க, எல்லோர் காலும் ஒரே தாளத்துக்கு வந்துவிட, பாலம் இன்னும் அதிகமாக ஆட... இரண்டே நாளில் இழுத்து மூடிவிட்டார்கள். ஆட்டத்தை அடக்கும் கருவிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள்.

"பாத்தியாம்மா? லண்டன்காரனே ஆடியிருக்கான்!" என்று முடித்தேன், தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"மூடிட்டாங்கன்னு சொல்ற. அப்புறம் எதுக்கு என்னை ஏறச் சொல்ற?" என்றாள் அம்மா.

என் பொது அறிவு அத்தோடு வாயை மூடியது.

அந்த நேரம் பார்த்து, தலையில் வேர்க்கடலைக் கூடையோடு ஒரு பாட்டி வந்தார். அம்மாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். பாலத்தில் ஏறப் போனவர் அம்மாவைப் பார்த்து நின்றார்.

"என்ன தாயி, பயமா? கீழ பாக்காத. எதிர்ல இருக்கற மரத்தைப் பாரு. கம்பியை இறுக்கிப் புடிக்காத, சும்மா தொட்டுக்கிட்டு வா. அது ஆடுனா நீயும் ஆடு. எதிர்த்துக்கிட்டு நின்னாத்தான் தலை சுத்தும். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறேன்!"

நான் லண்டன் வரைக்கும் போய்ச் சொன்னது எடுபடவில்லை. கடலைக்காரப் பாட்டி சொன்னது எடுபட்டது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். (என் மனைவி அதை உடனே வாங்கிக்கொண்டாள். அந்தப் புது மாப்பிள்ளை கவனிக்க!)

பாட்டி முன்னால், அம்மா அவர் பின்னால், மகள் அதற்குப் பின்னால். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. நடுப்பாலம் வந்தபோது எதிரே கல்லூரிப் பையன்கள் நாலு பேர் குதித்துக்கொண்டு வந்தார்கள். பாலம் ஊஞ்சல் ஆனது. பாட்டி போட்டார் ஒரு சத்தம்: "டேய்! பெரியவங்க வராங்கல்ல? நில்லுங்கடா!" நாலு பேரும் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி அசையாமல் நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. பையன்கள் நின்ற நிலையைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல் கை தலைப்பைத் தேடிப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு கை இந்தக் கம்பியில், ஒரு கை அந்தக் கம்பியில். விட்டால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். வேறு வழியில்லாமல் அம்மா வாயைத் திறந்து சிரித்தாள். கறைப் பல் அத்தனையும் வெளியே தெரிய, கண்ணில் தண்ணீர் வர, நடு ஆற்றில் ஆடிக்கொண்டே சிரித்தாள்.

முப்பத்தாறு வருஷமாக அவள் பிள்ளை நான். அம்மாவின் முழுச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகள் செல்போனைத் தூக்கி ஒரு க்ளிக்!

* * *

அக்கரை போய்ச் சேர்ந்தோம். எதிரே பெரிய அருவி. அகலமாக, பாறை இடுக்குகளில் எல்லாம் பிரிந்து பிரிந்து விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். என் வீட்டில் அது ஒன்றும் புதிதில்லை.

எனக்குள் இருக்கும் பி.காம். சும்மா இருப்பானா? வினாடிக்கு எட்டாயிரம் கன அடி தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியானால் வினாடிக்கு 2,26,400 லிட்டர். நம் வீட்டுக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரு வினாடிக்குப் பதினைந்தாயிரம் குடம்!

அம்மாவிடம் காதோரம் கத்திச் சொன்னேன். அவள் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு குடத்துக்கு விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சுப் போய் நிப்போம்டா, சின்னப் புள்ளையில. அதுவும் அந்தத் தண்ணிக்கு" என்றாள்.

அவ்வளவுதான். பெருமூச்சு இல்லை, கண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மகளின் மோவாயைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொன்னாள். இந்தத் தடவை அவள் சண்டை போடவில்லை. ஈ என்று காட்டினாள்.

பக்கத்தில் ஒரு குடும்பம் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலை ஆற்றுக்குள் வீசியது. அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, அடுத்த பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் அம்மாவின் பார்வை இந்தியத் தண்டனைச் சட்டத்தைவிடப் பழமையானது!

* * *

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் நடையை முடித்துவிடலாம். நீர்வரத்து அதிகமானால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். கர்நாடகத்தில் மழை கொட்டினால் இங்கே வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரும். 2018 ஆகஸ்டில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேலே வந்தபோது அருவியே காணாமல் போய், எல்லாம் ஒரே ஆறாகிவிட்டது. ஆகவே கிளம்புவதற்கு முன் பேப்பரில் ஒகேனக்கல் நீர்வரத்து நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் பாறைக் குழியும் சுழலும் உண்டு. 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று காவிரியிடம் சொல்லாதீர்கள். அதற்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

பசித்தால் மீன். பிடித்த மீனை வாங்கிக் கொடுத்தால், மசாலா தடவிச் சுடச்சுடப் பொரித்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விலையை முதலிலேயே பேசிக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. சாப்பிட்ட பிறகு பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணையைக் காட்டலாம். என் பையன் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் பொம்மையா?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் படுத்திருப்பதைப் பார்த்தும் இதே சந்தேகம் அவனுக்கு வந்ததுண்டு.

* * *

திரும்பும்போது அம்மா தொங்கு பாலத்தை யார் துணையும் இல்லாமல் கடந்தாள். எங்களுக்கு முன்னாலேயே போய், அந்த முனையில் நின்று "சீக்கிரம் வாங்க, பஸ்ஸு போயிடும்" என்று அதட்டல் வேறு!

பஸ்ஸில் மகள் போட்டோவைக் காட்டினாள். அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"அய்ய, பல்லு பூரா தெரியுது. அழிச்சுடு கண்ணு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பஸ் மேடேறிக்கொண்டிருந்தது.

பென்னாகரம் வந்தது. அம்மா மெதுவாக, "அழிச்சுட்டியா?" என்றாள்.

"இல்ல ஆயா. இதோ..."

"வேணாம், இருக்கட்டும்."

அவ்வளவு தூரம் நடந்தும் அன்று ராத்திரி கால் வலி என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் வலித்தது. சொன்னால் கௌரவம் என்னாவது?

மறுநாள் காலை எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் மனைவி காலிக் குடத்தோடு வந்து நின்றாள். திண்ணையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

"நாமதான் நேத்து நேர்லயே போய் கண்ணு வெச்சுட்டு வந்துட்டமே. அப்புறம் எப்படி வரும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை தலைப்பு வரைக்கும் போயிற்று. பாதியிலேயே நின்றுவிட்டது.